சளிக்காய்ச்சலும் சிவந்த கண்களும்

காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் கண்கள் சிவந்துவிட்டால், இல்லத்தார் அதனைத் தனியொரு நோயாகவே கருதுகின்றனர். ‘மெட்ராஸ் ஐ’ என்பர் சிலர். உடற்சூடு என்பர் மூத்தோர். காய்ச்சலுக்கு ஒரு மருத்துவர், கண்ணுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து என்று சிகிச்சை இரு வழியாகப் பிரிந்துவிடுகிறது. உண்மையில், தொண்டையைப் புண்ணாக்கி மூக்கை ஒழுகச் செய்த அதே வைரஸ்தான் பல வேளைகளில் கண்ணையும் சிவக்கச் செய்திருக்கும்.

கண்ணும் மூக்கும் அண்டை வீடுகள் மட்டுமல்ல. இரண்டிற்கும் இடையே வழியும் உண்டு. கண்ணின் உள்மூலையில், இமை விளிம்பில், ஊசிமுனையளவு துளைகள் உள்ளன. கண்ணீர் அவற்றின் வழியே இறங்கி, ஒரு நாளத்தின் மூலம் மூக்கினுள் சென்று சேர்கிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும், கண்ணில் விட்ட மருந்தின் கசப்பு சற்று நேரத்தில் தொண்டையில் தெரிவதும் இதனாலேயே. கண்ணின் வெண்பகுதியைப் போர்த்தியுள்ள மெல்லிய படலமும் மூக்கின் உட்புறத்தைப் போன்றதோர் ஈரச் சவ்வே. மூக்கைத் துடைத்த விரல் கண்ணைத் தொட்டால், வைரஸுக்கு அதுவே போதுமானது.

இவ்வாறு இரண்டிடத்தையும் பற்றுவதில் முதன்மையானது அடினோ வைரஸ். 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாலஸ் ரோ என்பாரும் அவர்தம் குழுவினரும், குழந்தைகளிடமிருந்து அறுவை செய்து எடுக்கப்பட்ட மூக்கடிச் சதையில் இதனைக் கண்டறிந்தனர். காய்ச்சல், தொண்டை வலி, கண் சிவப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வரும். காதின் முன்புறம் சிறு நெறிகட்டுதலும் உண்டாகலாம். பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே தணிந்துவிடும். ஆயினும் இவ்வைரஸ் துண்டிலும் கதவுப்பிடியிலும் பல நாள் உயிர்ப்புடன் இருக்கவல்லது. கைக்குத் தடவும் சாராயக் கரைசல் இதனை எளிதில் அழிப்பதில்லை. சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவுவதே தக்கது. கொரோனா நோயாளருள் சிலருக்கும் கண் சிவந்தது. 2003இல் நெதர்லாந்து நாட்டில் கோழிப் பண்ணைகளிலிருந்து மனிதரைத் தொற்றிய பறவைக் காய்ச்சலில், 89 பேருள் மிகப் பலருக்குத் தோன்றிய அறிகுறி கண்ணழற்சியே. அவருள் ஒரு கால்நடை மருத்துவர் நுரையீரல் அழற்சியால் உயிரிழந்தார்.

நம் இல்லங்களில் மிகுந்த கவனத்திற்குரியது தட்டம்மை. தடிப்புகள் தோன்றிய பின்னரே அதனை அம்மை என்று அறிகிறோம். ஆனால் அதற்கு இரண்டு, மூன்று நாள்கள் முன்பே கடுங்காய்ச்சலும் இருமலும் மூக்கொழுக்கும் தோன்றும். கண்கள் சிவந்து நீர் வடியும். குழந்தை வெளிச்சத்தைக் கண்டு முகம் திருப்பும். அந்நாள்களிலேயே நோய் பிறரைத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. ஆகவே, தடுப்பூசி போடாத குழந்தைக்கு இவை சேர்ந்து வரின், பள்ளிக்கு அனுப்பாது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

அம்மை கண்ட வீட்டில் மருந்து கூடாதென்பது பழைய வழக்கம். அவ்வழக்கத்திற்குக் கண்களைப் பறிகொடுத்த குழந்தைகள் உண்டு என்பதை வருத்தத்துடன் கூறவேண்டியுள்ளது. தட்டம்மையின்போது உடலில் வைட்டமின் ஏ வெகுவாகக் குறைகிறது. கருவிழி வறண்டு, புண்ணாகி, பார்வையே போய்விடலாம். எனவே, ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு 2 லட்சம் அலகு வைட்டமின் ஏ அடுத்தடுத்த இரு நாள்களில் தருமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதனினும் சிறிய குழந்தைகளுக்கு அளவு குறைவு; மிகுதியானால் தீங்கு என்பதால், மருத்துவர் கையால் தரப்பட வேண்டியது இது. கிழங்கு வகைகளை விலக்கும் நம்மவர்க்கு முருங்கைக்கீரையும் பப்பாளியும் மாம்பழமும் அன்றாட உணவில் இச்சத்தை அளிக்கும். ஆனால் நோய் வந்தபின் அவை மட்டும் போதா. தடுப்பூசி 9 மாதம் முடிந்தவுடன் ஒன்று, 16 முதல் 24 மாதத்திற்குள் மற்றொன்று.

இனி, சொட்டு மருந்து. கிருமிக்கொல்லிச் சொட்டு மருந்து வைரஸை அழிக்காது. ஸ்டீராய்டு கலந்தது ஒரே நாளில் சிவப்பைக் குறைத்துவிடும். அதனாலேயே கேட்டு வாங்குவோர் பலர். ஆனால் அது வைரஸ் நீங்கும் காலத்தை நீட்டிக்கக் கூடும். ஹெர்பிஸ் வகைத் தொற்றாயிருப்பின் கருவிழியில் ஆறாத வடுவை உண்டாக்கும். தாய்ப்பால், பூச்சாறு முதலியவற்றை விடுவதும் வேண்டா. காய்ச்சி வடிகட்டி ஆறிய நீர் நம் வீடுகளில் எப்போதும் உள்ளதுதானே! அதில் தூய பஞ்சை நனைத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு பஞ்சாக, பீளையைத் துடைத்தால் போதும். நோயுற்றவரின் துண்டும் தலையணை உறையும் தனியே இருக்கட்டும்.

கண்ணில் கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைத் தாங்க இயலாமை, கருவிழியில் வெண்புள்ளி, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். பிறந்து ஒரு மாதம் நிறையாத குழந்தையின் கண் சிவந்தால், வேறெந்த அறிகுறிக்கும் காத்திராது உடனே செல்லுதல் வேண்டும்.