பாட்டும் கணக்கும்

திருப்பதி, சித்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு அன்னமய்யா பாட்டு புதிதல்ல. கோயிலில் கேட்கிறோம். கல்யாண வீட்டில் கேட்கிறோம். அந்தப் பாட்டு நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது?

அன்னமய்யா 1408-ல் பிறந்தார். ஊர் தாளப்பாக்கம். அது ராஜம்பேட்டைக்கு அருகில் உள்ளது. 1424-ல், 16 வயதில், பாட்டுக் கட்டத் தொடங்கினார். 1503-ல் காலமானார். அவர் 32,000 பாட்டுகள் பாடியதாக அவருடைய பேரன் எழுதிய வரலாறு சொல்கிறது.

இது நடக்குமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1503 – 1424 = 79 ஆண்டுகள்
79 × 365 = 28,835 நாட்கள்

அப்படியானால் நாளுக்கு ஒரு பாட்டுக்குக் கொஞ்சம் மேல். தினம் ஒரு பாட்டாவது பாடுவது அவர் நோன்பு என்று சொல்வார்கள். கணக்கு ஒத்துவருகிறது. அதனால் 32,000 என்பது உறுதியாகிவிடாது. நடக்கக்கூடியது என்று மட்டுமே தெரிகிறது.

மகனும் பேரனும் இந்தப் பாட்டுகளைச் செப்புத் தகடுகளில் வெட்டி வைத்தார்கள். தகடுகள் திருமலைக் கோயிலில் ஒரு சிறு அறையில் இருந்தன. வெளி உலகம் அவற்றை மறந்தே போனது. 1922 வாக்கில்தான் அவை மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. கிடைத்தவை சுமார் 12,000 பாட்டுகள். அதாவது எட்டுப் பாட்டில் மூன்று கிடைத்தது. ஐந்து போய்விட்டது.

கிடைத்ததிலும் ஒரு குறை உண்டு. அதைப் புரிந்துகொள்ளப் பாட்டின் உறுப்புகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாட்டின் முதல் பகுதி பல்லவி. அடுத்து வருவது சரணம். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் மறுபடி பல்லவிக்கு வருவார்கள். நாற்று நடும்போது ஒருவர் பாட, மற்றவர்கள் ஒரே அடியைத் திருப்பிப் பாடுகிறார்களே, அந்த அடியும் பல்லவி மாதிரிதான். தாளம் என்பது காலக் கணக்கு. ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை. ராகம் என்பது சுரங்கள் போகும் வழி. ஒரே ராகத்தில் எத்தனையோ மெட்டுகள் போடலாம்.

தகட்டில் சொல் இருக்கிறது. ராகத்தின் பெயர் இருக்கிறது. மெட்டு இல்லை. இன்று நாம் கேட்கும் மெட்டுகளில் பெரும்பாலானவை பிற்காலத்தில் போட்டவை. அன்னமய்யா எப்படிப் பாடினார் என்பது யாருக்கும் தெரியாது.

அவர் மனைவி திம்மக்காவும் எழுதியவர். நூலின் பெயர் ‘சுபத்ரா கல்யாணம்’. தெலுங்கின் முதல் பெண் கவிஞர் என்று அவரைச் சொல்வார்கள். இது பலருக்குத் தெரியாது.

நம் வீட்டுப் பாட்டிக்கும் பாட்டு தெரியும். தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி எல்லாம் தெரியும். அவற்றுக்குச் செப்புத் தகடு இல்லை.

செய்து பாருங்கள்

1. வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பாடச் சொல்லுங்கள். சொற்களை நோட்டில் எழுதுங்கள். மெட்டைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள்.

2. திரும்பத் திரும்ப வரும் அடி எது? அதன் கீழ்க் கோடு போடுங்கள்.

3. அந்த மெட்டிலேயே உங்கள் வேலையைப் பற்றி நான்கு அடி கட்டுங்கள்.

4. உங்கள் குழுவில் சேர்ந்த பாட்டு மொத்தம் எத்தனை? அதில் தாலாட்டு எத்தனை, நடவுப் பாட்டு எத்தனை? பாடியவரின் வயதையும் பக்கத்தில் எழுதுங்கள். 40 வயதுக்குக் கீழே எத்தனை பேர்?