நகரும் வானம்

நுழையும்முன்

கணினியிலும் கைப்பேசியிலும் விளையாடுவோர் பலர். அவ்விளையாட்டு எவ்வாறு இயங்குகிறது என எண்ணிப் பார்ப்போர் சிலர். அதனைத் தமிழில் எடுத்துரைக்க முயல்வோர் மிகச் சிலர். ‘பக்கநகர்வுச் சுடும் விளையாட்டு’ என்னும் ஒருவகை நிகழ்பட விளையாட்டின் வரலாற்றையும் இயக்கத்தையும் இப்பாடம் விளக்குகிறது. பாட்டி முதல் பேரன் வரை ஒன்றாக அமர்ந்து ஆடத்தக்க விளையாட்டை ஆக்குவதற்கு என்ன வேண்டும் என்னும் வினாவுக்கும் விடை தேடுகிறது.

சாளரமும் திரையும்

ஐதராபாத்திலிருந்து தாம்பரம் செல்லும் சார்மினார் விரைவு வண்டியில் பயணம் செய்திருக்கிறீர்களா? திருமுல்கேரியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் விடுமுறை என்றால் நினைவுக்கு வருவது அவ்வண்டியே. விடியற்காலையில் சாளரத்தின் வழியே பாருங்கள். தண்டவாளத்தை ஒட்டிய மின்கம்பங்கள் விரைந்து பின்னோக்கி ஓடும். சற்றுத் தொலைவில் நிற்கும் பனைமரங்கள் மெல்ல நகரும். அடிவானத்தில் உள்ள குன்றுகள் அசைவதாகவே தோன்றா. நாம் இருக்கையில் அமர்ந்திருக்கிறோம். உலகமே நம்மைக் கடந்து செல்வது போன்ற தோற்றம் உண்டாகிறது. இதனை ‘இடமாறு தோற்றம்’ என்று அறிவியல் கூறும்.

பக்கநகர்வு விளையாட்டின் அடிப்படை இதுதான். திரையில் ஒரு விண்ணூர்தி வலப்புறம் விரைந்து பறப்பதாக நாம் காண்கிறோம். உண்மையில் அவ்வூர்தி திரையின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. பின்னணிக் காட்சியே இடப்புறமாக நகர்கிறது. அப்பின்னணியைப் பல அடுக்குகளாக வரைவர். அருகில் உள்ள அடுக்கை விரைவாகவும், தொலைவில் உள்ள அடுக்கை மெதுவாகவும் நகர்த்துவர். அவ்வளவில் தட்டையான திரைக்கு ஆழம் வந்துவிடுகிறது.

தோன்றிய வரலாறு

சுடும் விளையாட்டுகளைப் புகழ்பெறச் செய்தது 1978ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆகும். டைட்டோ நிறுவனத்தைச் சேர்ந்த தொமோஹிரோ நிஷிகாதோ ஏறத்தாழ ஓராண்டு உழைத்து அதனைத் தனியொருவராகவே உருவாக்கினார். மனிதரைச் சுடுவது போல விளையாட்டு அமைவது முறையன்று எனக் கருதப்பட்டமையால், வேற்றுலக உயிர்களை எதிரிகளாக அமைத்தார். நண்டு, கணவாய், பேய்க்கணவாய் ஆகிய கடல்வாழ் உயிர்களின் சாயலில் அவற்றை வரைந்தார். அவ்விளையாட்டில் திரை நகர்வதில்லை. கீழே உள்ள பீரங்கி இடமும் வலமும் நகரும்.

1981ஆம் ஆண்டு திரை நகரும் சுடும் விளையாட்டுகள் புகழ்பெற்றன. அமெரிக்காவின் வில்லியம்ஸ் நிறுவனத்திற்காக யூஜின் ஜார்விஸ் வடிவமைத்த ‘டிஃபெண்டர்’, ஜப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்கிராம்பிள்’ ஆகிய இரண்டும் அவ்வாண்டில் பரவின. ‘டிஃபெண்டர்’ என்னும் சொல்லுக்குக் காப்பவர் என்பது பொருள். வேற்றுலகத்தார் தரையிலுள்ள மனிதரைத் தூக்கிச் செல்ல முயல்வர். அவர்களைத் தடுத்து, வானிலிருந்து விழும் மனிதரைத் தாங்கிப் பிடித்துத் தரையில் சேர்ப்பது ஆடுபவரின் கடமை. சுடுதல் இங்கு வழி; காத்தலே நோக்கம்.

1986ஆம் ஆண்டு சேகா நிறுவனம் வெளியிட்ட ‘ஃபேன்டசி ஸோன்’ மற்றொரு திருப்பத்தைத் தந்தது. கருமையான விண்வெளிக்கு மாறாக, இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்த வண்ண உலகம் அதில் விரிந்தது. ‘ஓபா-ஓபா’ என்னும் சிறகு முளைத்த சிற்றூர்தியே அதன் தலைவன். குழந்தைகளும் அஞ்சாமல் ஆடத்தக்க சுடும் விளையாட்டுகளுக்கு அது முன்மாதிரி ஆயிற்று.

தெரிந்து தெளிவோம்

‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில் எதிரிகளின் எண்ணிக்கை குறையக் குறைய, எஞ்சியவை விரைந்து நகரும். இதனை நிஷிகாதோ முதலில் திட்டமிடவில்லை. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் அக்காலக் கணிப்பொறி அவற்றை விரைவாக வரைந்தது. விளையாட்டின் விறுவிறுப்பை அது கூட்டியதால் அவர் அதனை அவ்வாறே விட்டுவிட்டார்.

கைப்பேசிக்குள் வந்த வானம்

இந்தியக் குடும்பங்கள் பல பக்கநகர்வுச் சுடும் விளையாட்டை நோக்கியா கைப்பேசியில் கண்டன. 2000ஆம் ஆண்டு வெளிவந்த நோக்கியா 3310 கைப்பேசியில் ‘ஸ்பேஸ் இம்பேக்ட்’ என்னும் விளையாட்டு இடம்பெற்றிருந்தது. சிற்றூர்தி ஒன்று இடப்பக்கத்திலிருந்து முன்னேறும். வலப்பக்கத்திலிருந்து விண்வெளி உயிர்கள் வரும். ஒவ்வொரு நிலையின் முடிவிலும் பேருருவ எதிரி ஒன்று வழிமறிக்கும்.

அக்கைப்பேசியின் திரையில் அகலவாக்கில் 84, உயரவாக்கில் 48 படப்புள்ளிகளே இருந்தன. மொத்தம் 4,032 புள்ளிகள். இன்று நாம் காணும் 1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. அதாவது, ஐந்நூறு மடங்குக்கும் மிகுதி. வண்ணமும் இல்லாத அச்சிறு திரையில் ஊர்தி, எதிரி, குண்டு, வானம் ஆகிய அனைத்தும் அடங்கின. எந்தப் புள்ளியைக் கருமையாக்க வேண்டும், எதனை வெறுமையாக விடவேண்டும் என்பதை வடிவமைத்தவர்கள் எண்ணி எண்ணி முடிவு செய்தனர். சுருங்கச் சொல்லி விளங்க வைத்தல் நூலுக்கு மட்டும் உரிய அழகன்று.

அந்நாளில் கைப்பேசி இருந்த வீடுகள் பலவற்றில் ஒரு கைப்பேசியே இருந்தது. தந்தையின் கைப்பேசியைப் பிள்ளைகள் முறைவைத்து ஆடினர். ஆடாதவர் அருகில் அமர்ந்து, “மேலே போ, மேலே போ” எனக் குரல் கொடுத்தனர். ஆடுபவர் ஒருவர், ஆட்டமோ அனைவருக்கும் உரியது. நோக்கியா நிறுவனம் சென்னையை அடுத்த திருப்பெரும்புதூரில் அமைத்த தொழிற்சாலை 2006 முதல் 2014 வரை இயங்கியது. தமிழ்நாட்டின் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கானோர் அங்குக் கைப்பேசிகளைப் பொருத்தினர் என்பதும் நாம் அறிய வேண்டிய செய்தி.

எதைச் சுடுவது?

குறிபார்த்தல், விலகுதல், காலம் அறிந்து செயற்படுதல் ஆகியவை சுடும் விளையாட்டு தரும் பயிற்சிகள். அவற்றில் கொடுமை ஏதும் இல்லை. எதிரே எதனை நிறுத்துகிறோம் என்பதே ஒரு விளையாட்டின் தன்மையை முடிவு செய்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைத்துப் பார்ப்போம். நம் நகரின் ஏரிகளில் ஆகாயத்தாமரை படர்வதைக் கண்டிருப்பீர்கள். உசேன் சாகர் ஏரியில் ஒரு சிறு படகு செல்வதாகக் கொள்வோம். படகின் முனையிலிருந்து பாய்வது நீர்த்தாரை. எதிரே மிதந்து வரும் ஆகாயத்தாமரைத் திட்டுகளை அது கலைக்க வேண்டும். இடையிடையே நீர்க்காகங்கள் பறந்து வரும். அவற்றின்மீது நீர் பட்டால் ஆட்டப்புள்ளி குறையும். முன்னடுக்கில் நாணல்கள் விரைந்து நகரும். நடு அடுக்கில் கரையோரச் சாலை நகரும். ஏரியின் நடுவே நிற்கும் 18 மீட்டர் உயரப் புத்தர் சிலை பின்னடுக்கில் மெல்ல மெல்ல நகரும்.

படகு நாணலில் மோதியதைக் கணினி எவ்வாறு அறியும்? ஒவ்வோர் உருவத்தையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத செவ்வகம் ஒன்றைக் கணினி வைத்திருக்கும். இரு செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் மோதல் நிகழ்ந்ததாகக் கொள்ளும். பெரும்பாலான விளையாட்டுகளில் இந்த ஆய்வு ஒரு நொடிக்கு 30 அல்லது 60 முறை நடைபெறும். கனிவுள்ள வடிவமைப்பாளர், ஆடுபவரின் செவ்வகத்தைப் படத்தின் அளவைவிடச் சற்றுச் சிறிதாக்கி வைப்பார். மயிரிழையில் தப்பியதாக ஆடுபவர் மகிழ்வார். முதன்முறை ஆடும் முதியவருக்கும் சிறுவருக்கும் இக்கனிவு பெருந்துணை.

சிறு குழுவின் ஆக்கம்

பெருநிறுவனத்தின் பொருளுதவியும் கட்டளையும் இன்றி, தனியொருவரோ சிறு குழுவினரோ தம் விருப்பப்படி உருவாக்குவது ‘சுயாதீன விளையாட்டு’ எனப்படும். நம் ஐதராபாத் நகரின் ஓகர் ஹெட் ஸ்டுடியோ அவ்வாறு உருவாக்கிய ‘அசுரா’ 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. கனடாவின் டொரண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு 2023ஆம் ஆண்டு ‘வெண்பா’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அது சுடும் விளையாட்டன்று, சமையல் விளையாட்டு. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தாயின் சமையற் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து உணவு ஆக்குவதே அதன் ஆட்டம். 2024ஆம் ஆண்டு பாஃப்டா அமைப்பின் ‘அறிமுக விளையாட்டு’ விருதை அது பெற்றது. ஊரை விட்டு வந்த ஒரு குடும்பத்தின் மொழியும் உணவும் உலகமே ஆடும் விளையாட்டுக்குக் கருவாயின.

விளையாட்டு எவ்வாறு பேச வேண்டும்?

உங்கள் ஏரி விளையாட்டை ஊரிலிருந்து வந்த பாட்டியிடம் தருகிறீர்கள் எனக் கொள்வோம். பொத்தான்களில் உள்ள சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பின், அவற்றைப் படித்துச் சொல்ல ஒருவர் எப்போதும் அருகில் இருக்க வேண்டும். ‘தொடங்கு’ எனத் தமிழில் எழுதினால் பாட்டி தாமே படித்துக்கொள்வார். ஆயினும், பாட்டியைப் பார்த்துத் ‘தொடங்கு’ என்று ஏவலாமா? ‘தொடங்குங்கள்’ என்றால் தம்பிக்கு அது பொருந்துமா?

இதற்குத் தமிழ் இலக்கணம் ஏற்கெனவே வழிவகுத்துள்ளது. ‘தொடங்குக’ என எழுதினால் சிக்கல் தீர்ந்தது. அது வியங்கோள் வினைமுற்று. ஒருமை, பன்மை என்னும் வேறுபாடு அதற்கு இல்லை. சிறியோர்க்கும் பெரியோர்க்கும் ஒருங்கே பொருந்தும். ‘பறவைமீது நீர் படக்கூடாது’ என்பதையும் ‘பறவையைத் தாக்கற்க’ என இரு சொற்களில் அடக்கலாம். 84 புள்ளி அகலமுள்ள திரையில் இடம் எவ்வளவு அரியது என்பதை எண்ணினால் இச்சுருக்கத்தின் பயன் விளங்கும்.

எனவே, குடும்பம் முழுவதும் ஆடத்தக்க விளையாட்டுக்கு மூன்று வேண்டும். சுடும் இலக்கில் அறம் வேண்டும். ஆட்ட முறையில் கனிவு வேண்டும். அறிவிக்கும் சொல்லில் அனைவரையும் மதிக்கும் பண்பு வேண்டும். இம்மூன்றுக்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் போதும்.

இலக்கணம் அறிவோம்

ஏவல் வினைமுற்று: முன்னிலையில் இருப்போரை ஒரு செயலைச் செய்யுமாறு ஏவுவது. ஒருமை, பன்மை வேறுபாடு உண்டு.
எடுத்துக்காட்டு: நில் – நில்லுங்கள், விலகு – விலகுங்கள்.

வியங்கோள் வினைமுற்று: வாழ்த்துதல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய பொருள்களில் வருவது. இருதிணை, ஐம்பால், மூவிடம் ஆகிய அனைத்திற்கும் பொது. க, இய, இயர், அல் ஆகிய விகுதிகளைப் பெறும்.
எடுத்துக்காட்டு: வாழ்க, வாழிய, வாழியர், அஞ்சற்க.

சொற்பொருள்

சாளரம் – சன்னல்
சாயல் – ஒத்த தோற்றம்
நீர்த்தாரை – விசையுடன் பாயும் நீர் ஒழுக்கு
கனிவு – இரக்கம் கலந்த மென்மை
அரியது – எளிதில் கிடைக்காதது

கலைச்சொல் அறிவோம்

வீடியோ கேம் – நிகழ்பட விளையாட்டு
சைடு ஸ்க்ரோலிங் – பக்கநகர்வு
பிக்சல் – படப்புள்ளி
லெவல் – நிலை
ஸ்கோர் – ஆட்டப்புள்ளி
இண்டி கேம் – சுயாதீன விளையாட்டு

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வெளிவந்த ஆண்டு ______. (1978 / 1981 / 1986 / 2000)
2. ‘தாக்கற்க’ என்பது ______ வினைமுற்று. (ஏவல் / வியங்கோள் / தெரிநிலை / குறிப்பு)
3. ‘ஓபா-ஓபா’ இடம்பெற்ற விளையாட்டு ______. (டிஃபெண்டர் / ஃபேன்டசி ஸோன் / வெண்பா / ஸ்கிராம்பிள்)

ஆ. குறுவினா
1. பக்கநகர்வு விளையாட்டில் உண்மையில் நகர்வது எது?
2. நிஷிகாதோ எதிரிகளை வேற்றுலக உயிர்களாக அமைத்தது ஏன்?
3. சுயாதீன விளையாட்டு என்றால் என்ன?

இ. சிறுவினா
1. இரு உருவங்கள் மோதியதைக் கணினி அறியும் முறையை விளக்குக.
2. “சுடுதல் இங்கு வழி, காத்தலே நோக்கம்” – இக்கூற்றை ‘டிஃபெண்டர்’ விளையாட்டைக் கொண்டு தெளிவுபடுத்துக.

ஈ. நெடுவினா
குடும்பத்தினர் அனைவரும் ஆடத்தக்க விளையாட்டுக்கு வேண்டியன மூன்று என இப்பாடம் கூறுகிறது. நான்காவதாக நீங்கள் ஒன்றைச் சேர்ப்பதாயின் எதனைச் சேர்ப்பீர்கள்? காரணத்துடன் ஒரு பக்க அளவில் எழுதுக.

உ. ஏவலை வியங்கோளாக மாற்றுக.
1. தொடர் – ______
2. வெளியேறு – ______
3. நாணலைத் தொடாதே – நாணலைத் ______
4. மீண்டும் முயல் – மீண்டும் ______

செயல்திட்டம்

கட்டமிட்ட தாளில் அகலவாக்கில் 84, உயரவாக்கில் 48 கட்டங்கள் வரைக. சில கட்டங்களை மட்டும் கருமையாக்கி, நீங்கள் விரும்பும் ஊர்தி ஒன்றையும் அதன் எதிரே வரும் இலக்கையும் அமைக்க. எதனைத் தாக்கலாம், எதனைத் தாக்கலாகாது என்னும் விதிகள் ஐந்தினை வியங்கோள் வினைமுற்றில் எழுதுக. அத்தாளை வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் காட்டி, விதிகளை அவரே படித்து ஆட்டத்தைப் புரிந்துகொள்கிறாரா எனக் கேட்டறிக. அவருக்கு விளங்காத சொல்லை மாற்றி எழுதி வகுப்பில் காட்சிப்படுத்துக.