மாற்றுத்திறனாளி மாணவரும் பல்கலைக்கழகமும்: இடம் மட்டும் போதுமா?

உயர்கல்வி நிலையத்தில் மாற்றுத்திறனாளி மாணவருக்கு இடம் கிடைப்பது முதற்படியே ஆகும். பிறரோடு ஒத்த நிலையில் பாடங் கேட்டு, நூல் பயின்று, தேர்வெழுதிப் பட்டம் பெறுவதே கல்வியுரிமையின் முழுப்பொருள். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவைக் கடக்கும் வழியை ஆராய்வதற்கு, கல்வி நிலையங்களும் தொண்டு நிறுவனங்களும் நிறைந்த பெங்களூரு நல்லதோர் எடுத்துக்காட்டு.

சட்டம் வகுத்த பாதை

1995-ஆம் ஆண்டுச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களில் 3 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கியது. அது ஏற்றுக்கொண்ட குறைபாடுகள் 7 வகையே. அதற்கு மாற்றாக வந்த 2016-ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. குறைபாடுகளின் வகைகள் 21 ஆயின. இத்தகைய உயர்கல்வி நிலையங்களில் ஒதுக்கீடு 5 விழுக்காடாக உயர்ந்தது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடையோர் இதற்கு உரியவர். அவர்களுக்கு வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு.

ஒதுக்கீட்டினும் ஆழமான மற்றொரு கருத்தும் இச்சட்டத்தில் உள்ளது. நிறுவனத்திற்கு அளவு மீறிய சுமையாகாத வகையில், மாணவரின் தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்து தருதல் கடமையாகும். அதனை மறுப்பதும் பாகுபாடே எனச் சட்டம் கூறுகிறது. ஆகவே, சாய்தளமும் கூடுதல் நேரமும் சலுகைகள் அல்ல, உரிமைகள்.

வெளியிலிருந்து உள்ளே

பெங்களூருவில் இத்துறைப் பணி நெடுங்காலம் தொண்டு நிறுவனங்களாலேயே நடைபெற்றது. மாற்றுத்திறனாளிகள் சங்கம் 1959-இலும், மித்ர ஜோதி 1990-இலும் தோன்றின. பேசும் நூல்கள், பிரெயில் நூல்கள் ஆகியவற்றோடு, தேர்வில் மாணவர் சொல்வதை எழுதும் தொண்டர்களையும் மித்ர ஜோதி பார்வையற்றோருக்கு ஏற்பாடு செய்து வந்துள்ளது.

தொண்டின் பெருமை ஐயத்திற்கு இடமற்றது. எனினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. தேர்வு நாளன்று தொண்டர் வர இயலாவிடில், மாணவரின் ஓராண்டு உழைப்பே கேள்விக்குறியாகிவிடும். எனவே பொறுப்பு கல்வி நிலையத்திற்குள்ளேயே அமைதல் வேண்டும். பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகம் இதற்கெனத் தனி அலுவலகம் ஒன்றை அமைத்தது கருதத்தக்கது. இத்தகைய அலுவலகம் இருப்பின், மாணவர் ஒவ்வோர் ஆசிரியரிடமும் தனித்தனியே தம் நிலையை விளக்கி இரக்கத்தை நாட வேண்டியதில்லை.

நூலும் தேர்வும்

திரை வாசிப்பான் மென்பொருள் எழுத்தை ஒலியாக மாற்றும். படமாக நகலெடுத்த பக்கத்தை அதனால் நேரடியாகப் படிக்க இயலாது. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், நூல்களை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வடிவில் ஆக்க வழி திறந்தது. 2016-இல் சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகம் தொடங்கப்பெற்றது. ஆயினும், பாடநூற் பட்டியல் பருவம் தொடங்கிய பின்னரே வெளியானால் இவ்வசதிகளால் பயன் குறைவு. நூலை மாற்றியமைக்கவும் காலம் தேவை.

தேர்வு குறித்து 2018 ஆகஸ்டில் நடுவண் அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், மணிக்கு 20 நிமிடங்களுக்குக் குறையாத ஈடுநேரம் தர வகைசெய்தன. மூன்று மணி நேரத் தேர்வுக்கு இது ஒரு மணி நேரமாகும். 40 விழுக்காட்டை எட்டாத குறைபாடுடையோருக்கும், தேவையிருப்பின், சொல்வதை எழுதுபவரின் உதவியை மறுத்தலாகாது என உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11-இல் விகாஷ் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. இதனைத் தொடர்ந்து 2022-இல் தனி நெறிகள் வகுக்கப்பட்டன.

செய்யத்தக்கவை

ஆண்டுதோறும் பாடப்பிரிவு வாரியாகச் சேர்க்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளின் பட்டியலை ஆணையர்களுக்கு அளிக்குமாறு, 2017 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் உயர்கல்வி நிலையங்களுக்குப் பணித்தது. இப்பட்டியல் சேர்க்கையை மட்டுமே காட்டும். படிப்பை முடித்தோர் எத்தனை பேர், இடையில் நின்றோர் எத்தனை பேர், நின்றதற்குக் காரணம் யாது என்பனவற்றையும் ஒவ்வொரு நிலையமும் பதிவு செய்தல் நலம். மாணவர் சேரும் நாளிலேயே அவர் தேவைகளைக் கேட்டறிந்து எழுத்தில் பதிந்து, பொறுப்பாளர் ஒருவரையும் குறித்துவிட்டால், தேர்வறை வாயிலில் வாதாடும் நிலை எழாது. ஒதுக்கப்பட்ட இடம் உண்மையில் நிரம்பியதா என்பதைச் சேர்க்கைப் பதிவேடு காட்டாது. பட்டம் பெற்றோர் பட்டியலே காட்டும்.