லாமாவின் முதல் கத்தரிப்பு

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில், ஏறத்தாழ 4000 மீட்டர் உயரத்தில் விரிந்துள்ள பீடபூமியே லாமாவின் தாயகம். அது ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் திமில் இல்லை. அங்கே இரவில் நீரும் உறைந்துவிடும். அக்குளிருக்கென அமைந்ததே அதன் அடர்ந்த உரோமம்.

இன்று லாமா டெக்சஸ் போன்ற வெப்பமான அமெரிக்க மாநிலங்களிலும் வளர்க்கப்படுகிறது. மலையில் உயிர்காத்த அதே உரோமம், அங்கே கோடையில் உயிருக்கு உலை வைக்கிறது. சூடு மிகுந்தால் லாமா வாயைத் திறந்து மூச்சிரைக்கும், தீவனத்தை வெறுக்கும், படுத்தபின் எழ இயலாது தவிக்கும். உடனே குளிர்விக்காவிடில் இறந்தும் போகும். ஆகவே, கோடைக்கு முன்பே, இளவேனிலில் உரோமத்தைக் கத்தரித்துவிடுவர்.

முதன்முறை கத்தரிப்பது எளிதன்று. வளர்ந்த லாமா 130 கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. கால்களைப் பிறர் தொடுவதை அது விரும்பாது. காதுகளைப் பின்னுக்கு மடக்கி முகவாயை உயர்த்தினால், துப்பப்போகிறது என்று பொருள். வருவது வெறும் எச்சிலன்று. இரைப்பையிலுள்ள பாதி செரித்த தீவனமும் சேர்ந்தே வரும்! ஆதலால், அதற்குப் பழகிய ஒருவர் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, மெல்லப் பேசிக்கொண்டே நிற்பார்.

முதலில் உரோமத்தில் சிக்கிய மண்ணையும் வைக்கோலையும் நீக்கவேண்டும். இல்லையேல் கத்தரியின் கூர் மழுங்கும். பின்னர், முன்னங்காலுக்குப் பின்னிருந்து தொடைவரை, உடலின் நடுப்பகுதியை மட்டும் கத்தரிப்பர். முதன்முறைக்கு அதுவே போதும். கழுத்தும் கால்களும் அப்படியே விடப்படும். தோலை ஒட்டக் கத்தரித்தல் தவறு. 2 அல்லது 3 செ.மீ. உரோமம் எஞ்சவேண்டும். இல்லையேல் வெயில் தோலைச் சுட்டுவிடும். அக்குளில் தோல் மெல்லியது, மடிப்புகளும் மிகுதி. அங்கே தோலை இழுத்துப் பிடித்து, நிதானமாகக் கத்தரிக்கவேண்டும்.

வயிற்றின் அடியிலும் தொடையின் உட்புறத்திலும் உரோமம் மிகக் குறைவு. உடற்சூடு பெரிதும் அவ்வழியே வெளியேறும். எனவே, வெயில் நாளில் அங்கேதான் தண்ணீர் தெளிக்கவேண்டும். கத்தரிக்காத முதுகின்மேல் ஊற்றினால், நனைந்த உரோமம் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். நன்மை செய்வதாக எண்ணிப் பலர் செய்யும் தவறு இது.

கத்தரித்த லாமாவின் தோற்றம் வேடிக்கையானது: கழுத்தும் கால்களும் பருத்திருக்க, நடுவுடல் மட்டும் மெலிந்திருக்கும். அதுபற்றி அதற்குக் கவலையில்லை. கயிற்றை அவிழ்த்ததும் புழுதியைத் தேடிச் சென்று, முதுகு படியப் புரளும்.

பயிற்சி
1. லாமாவின் முதுகில் தண்ணீர் ஊற்றலாகாது. ஏன்?
2. ‘இல்லையேல்’ என்னும் சொல்லை அமைத்து இரண்டு தொடர்கள் எழுதுக.