உப்புக் காற்றில் ஒரு பழைய ஆம்ப்ளிபையர்



மரக்காணத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவன் சென்ற ஆண்டு ஒரு சந்தேகத்துடன் என்னிடம் வந்தான். தந்தை உப்பளத் தொழிலாளி. இவனோ மெல்லிசைக் குழு ஒன்றில் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கிறான்.

“எட்டாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன், சார். பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையர் இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன. ஒலி சுத்தமாக இருக்க வேண்டும். எஃபெக்ட்ஸ் பெடல் போட்டாலும் குழறக் கூடாது. எதை வாங்கலாம்?”

ஒன்று 15 வாட், பளபளப்பானது. மற்றது 60 வாட், மூலைகள் தேய்ந்தது. பையனின் மனம் பளபளப்பில் இருந்தது.

சுத்தமான ஒலி என்றால் என்ன? கிதாரின் எஃகுக் கம்பி பிக்-அப்பின் காந்தத்தருகே அதிரும்போது, அதிலுள்ள கம்பிச் சுருளில் சிறு மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டலே இது. ஒரு வோல்ட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே உள்ள அந்த அலையை, வடிவம் மாறாமல் வீச்சை மட்டும் பெருக்கினால் ஒலி சுத்தம் என்கிறோம்.

ஆனால் எந்த ஆம்ப்ளிபையரும் தன் மின்வழங்கி தரும் வோல்ட்டைத் தாண்ட முடியாது. 8 ஓம் ஸ்பீக்கரில் 60 வாட் பெற அலையின் உச்சி ஏறக்குறைய 31 வோல்ட் வரை செல்ல வேண்டும். 15 வாட்டுக்கு 15.5 வோல்ட் போதும். கணக்கிட்டுப் பாருங்கள். சிறிய ஆம்ப்ளிபையரில் கம்பியை ஓங்கி மீட்டினால் அலையின் தலை வெட்டுப்படும். வால்வு சற்று வளைந்து கொடுக்கும். டிரான்சிஸ்டரோ கத்தியால் அரிந்தாற்போல் வெட்டிவிடும். அப்போது 440, 523 ஆகிய இரு அதிர்வெண்களை ஒன்றாக மீட்டினால் 357, 606 போன்ற, எந்தச் சுரத்திலும் சேராத புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. குழறல் என்று அவன் சொன்னது இதைத்தான்.

நான்கு மடங்கு வாட் என்றதும் நான்கு மடங்கு சத்தம் என்று எண்ணிவிடாதீர்கள். கூடுவது 6 டெசிபெல்தான். நாம் விலை கொடுப்பது சத்தத்துக்கன்று. வெட்டுப்படாமல் அலை ஏறி இறங்கக் கிடைக்கும் இடத்துக்கு.

சுத்த ஒலிக்குப் பெயர்பெற்ற டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையர், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1975-இல் வெளியிட்ட ஜாஸ் கோரஸ் ஜே.சி.-120. அதில் 60 வாட் ஆம்ப்ளிபையர் இரண்டு, 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. கோரஸ் விளைவின்போது ஒரு ஸ்பீக்கருக்குக் கிதாரின் அலை நேராகச் செல்லும்; மற்றதற்குச் சில மில்லிசெகண்டு தாமதித்துச் செல்லும். தாமதம் சற்றே கூடிக் குறைந்துகொண்டிருக்கும். இரண்டும் காற்றில் கலக்கும்போது பலர் சேர்ந்து வாசிப்பதுபோல் தோன்றும். தாமதத்தை உண்டாக்குவது வரிசையாக நிற்கும் நுண்ணிய மின்தேக்கிகள். தீயணைக்க ஆட்கள் வரிசையில் நின்று வாளியைக் கைமாற்றுவதுபோல அவை மின்னூட்டத்தைக் கைமாற்றுகின்றன.

இனி உப்புக்கு வருவோம். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சோடியம் குளோரைடு உலர்ந்த படிகம், மின்சாரத்தைக் கடத்தாது. அதற்கு மேல் போனால் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து, மின்சாரம் கடத்தும் உப்புநீராகிவிடும். கடல் உப்போடு கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மரக்காணத்தில் வாழ்ந்த பெட்டிக்குள் உப்புத்தூள் படியாமல் இராது. நண்பகலில் கடையில் சோதித்தால் குறை தெரியாது. இரவுக் கச்சேரியில் கரகரக்கும். ஆகவே பொழுது சாய்ந்தபின் போய் வாசித்துப் பார்க்கச் சொன்னேன். ஜாக்கைச் செருகி அசைத்தும், எல்லாக் குமிழ்களையும் மெல்லத் திருகியும் கேட்க வேண்டும்.

இன்னொரு சோதனை: கிதாரைக் கழற்றிவிட்டு, வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். அப்போதும் ரீங்காரம் நீடித்தால், அது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸாக இருக்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தை முழு அலையாகத் திருத்தும்போது எழும் ஏற்ற இறக்கம் அது. அதைச் சமன்செய்யும் மின்தேக்கிகள் வயதாகி உலர்ந்துவிட்டன என்று பொருள். மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நீங்களே பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

15 வாட் பெட்டியின் பின்புறத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. ஜப்பானுக்கென்று செய்த 100 வோல்ட் பெட்டி; இரண்டு முள் பிளக். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும். அது மட்டுமா? கிதாரின் கம்பிகள் ஆம்ப்ளிபையரின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. சட்டத்துக்கு எர்த் இல்லாமல் உள்ளே மின்கசிவு ஏற்பட்டால், கம்பியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்பவனின் உடல் வழியே மின்சாரம் பாயும். ரீங்காரத்தை ஒழிக்கிறேன் என்று மூன்றாவது முள்ளை ஒடித்துவிடும் வாத்தியக்காரர்களை நானே பார்த்திருக்கிறேன். இது பச்சைத் தற்கொலை.

60 வாட் பெட்டியில் மூன்று முள் இருந்தது, ரீங்காரமும் இருந்தது. அதைக் காட்டியே பேரம் பேசி ஆறாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினான். மின்தேக்கி மாற்றத் தொள்ளாயிரம் ஆயிற்று.

வீட்டில் ஒத்திகை பார்க்க எர்த் இல்லை. மின்பணியாளர் குழி தோண்டி, இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டார். ஈர மண்ணில் கரைந்த உப்பின் அயனிகள் மின்தடையைக் குறைக்கும். உப்பை அவன் தந்தையே கொண்டுவந்தாராம். அதே உப்பு குழாயையும் அரிக்குமாதலால், ஆண்டுக்கு ஒருமுறை எர்த்தைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன்.