புவி வெம்மையும் நாம் பயிலத்தகும் நூல்களும்

கொள்ளிடத்தின் வடபால் உள்ள ஏலாக்குறிச்சி எம்மூர். வீரமாமுனிவர் திருக்காவலூர் எனப் பெயரிட்டுக் கலம்பகம் பாடிச் சிறப்பித்த ஊர் அதுவே. அம்முனிவர் 1732-ல் சதுரகராதியை இயற்றினார். பொருள் தெளியாச் சொல்லை வழங்கலாகாது என்னும் பாடத்தை அந்நூலினின்றும் யாம் கொண்டோம். எனினும், ‘காலநிலை மாற்றம்’ என்னுந் தொடரைப் பொருள் தெளியாமலே பலகாலும் வழங்கி வந்தோம். அக்குறையை எமக்கு உணர்த்தியது சென்ற கோடை விடுமுறை.

எம் தமையனார் அரியலூரை அடுத்த சுண்ணாம்புக்கல் சுரங்கமொன்றில் லாரி ஓட்டுபவர். அவர் ஊதியத்திலேயே எம் கல்வி நடைபெறுகின்றது. ஒருநாள் இரவு உண்ணும்போது, சிமெண்டுத் தொழிலால் உலகு வெப்பமுறுகின்றதென யாம் பெருமிதத்தோடு எடுத்துரைத்தோம். அவர் சினந்திலர். “தம்பி, உன் புத்தகக் காசும் அந்தக் கல்லிலிருந்துதானே வருகிறது?” என்று மட்டும் கேட்டார். யாம் விடையின்றி வாளா இருந்தோம். ஒரே நூலின் சில பக்கங்களைப் புரட்டிவிட்டு வழக்குரைக்கப் புகுந்த எம் பேதைமை அப்போது விளங்கிற்று. கல்லூரிக்கு மீண்டபின் முறையாகப் பயிலத் தொடங்கினோம். அவற்றுள் பயனுடையன சிலவற்றை மாணவ நண்பர்க்கு ஈண்டுக் கூறுவாம்.

முதற்கண் கற்கத்தகுவது, ஸ்பென்சர் வியர்ட் என்பார் 2003-ல் வெளியிட்ட ‘தி டிஸ்கவரி ஆஃப் குளோபல் வார்மிங்’ என்னும் நூல். இவ்வுண்மை நேற்று எழுந்த கூக்குரல் அன்று என்பதை அது காட்டும். கரியமில வாயு வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் இயல்பினது என்பதை டிண்டல் 1859-ல் சோதனையாற் கண்டார். அர்ரேனியஸ் 1896-ல் அவ்வாயு மிகுந்தால் புவி எத்துணை வெம்மையுறும் எனக் கணக்கிட்டார். 1958-ல் கீலிங் ஹவாய்த் தீவின் மலைமீது அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் அது ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. இன்றோ 420-ஐக் கடந்துவிட்டது.

இரண்டாவது, ஹென்றி பிளான்போர்டின் நூல்கள். இவர் 1862-ல் திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களின் பழம்பாறைகளை ஆராய்ந்து எழுதியவர். எம் பக்கத்துச் சுண்ணக்கல், ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகட்கு முன் இங்குப் பரந்திருந்த கடலின் அடியில் சிப்பிகளும் கிளிஞ்சல்களும் படிந்து இறுகியது. அக்கடலின் சுவடுகளை ஆய்ந்த இவரே 1875-ல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராயினார். 1889-ல் இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் தட்பவெப்பம் பற்றி ஒரு கையேடும் வெளியிட்டார். கல்லையும் மழையையும் ஒருவரே கற்றமை எமக்கு வியப்பளித்தது. சிந்திப்பின் அவ்விரண்டும் ஒரே பாடமே. எங்ஙனமெனின், தூய சுண்ணக்கல் 100 பங்கு எடையைச் சூளையிற் சுட்டால் 44 பங்கு கரியமில வாயுவாய் வெளியேறும். பண்டைக் கடல் கல்லுள் அடக்கி வைத்ததை நாம் ஒருபகலில் அவிழ்த்து விடுகின்றோம். எரிக்கும் நிலக்கரியின் புகை இதனின் வேறு.

மூன்றாவது, சுனில் அம்ரித் 2018-ல் வெளியிட்ட ‘அன்ரூலி வாட்டர்ஸ்’. மழையும் ஆறுகளும் ஆசிய மக்கள் வரலாற்றை உருவாக்கியவாற்றை இது விரித்துரைக்கும். கொள்ளிடத்தின் வெள்ளமும் வறட்சியும் கண்டு வளர்ந்தோர்க்கு இந்நூல் அயலதாகத் தோன்றாது.

தமிழ் பயில்வோர் அமிதவ் கோஷ் 2016-ல் வெளியிட்ட ‘தி கிரேட் டிரேஞ்ச்மென்ட்’ என்பதைத் தவறாது கற்க. இத்துணைப் பெரிய இடர் இக்காலக் கதை நூல்களில் இடம்பெறாதது ஏன் என்று அவர் வினவுகின்றார். ஐந்திணை வகுத்து, நிலமும் பொழுதும் முதற்பொருள் எனக் கொண்ட மரபினர் நாம்; அவ்வினா நம்மை நோக்கியதே. தமிழிலேயே கற்க விரும்புவோர்க்குத் தியடோர் பாஸ்கரனின் ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’ என்னும் கட்டுரைத் தொகுதி உண்டு.

நிற்க. இவற்றைக் கற்றபின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மீண்டும் தமையனாரிடம் சென்றோம். இம்முறை வழக்குரைத்திலேம், கல் உண்டான வரலாற்றை மட்டும் சொன்னோம். அவர் தம் பெட்டியினின்றும் சுருண்ட சிப்பிக்கல் ஒன்றை எடுத்து எம் கையில் வைத்தார். பல்லாண்டுகட்கு முன்னரே சுரங்கத்திற் கண்டெடுத்தது. “கல்லைச் சுடாமல் வீடு கட்ட வழி சொல்லியிருக்கிறார்களா?” என்றார். நிலக்கரிச் சாம்பலும் சுட்ட களிமண்ணும் கலந்து, சுடும் கல்லின் அளவைக் குறைக்கும் முறைகள் உள என்றும், சென்னை ஐ.ஐ.டி.யிலும் அத்தகைய ஆராய்ச்சி நடந்துள்ளது என்றும் கூறினோம். “அப்படியானால் என் வேலை?” என்றார்.

அதற்கு விடை யாம் கற்ற நூல்களில் இல்லை. ஆயினும் முன்போல வாய்மூடி இராது, இருவரும் நெடுநேரம் அதுபற்றி உரையாடினோம். நூலறிவால் யாம் பெற்ற பயன் அதுவே. அவ்வினாவிற்கு விடை காண வேண்டியவர் நம்முள்ளும் உளராகலாம். ஆதலின் நண்பர்காள், நூல் நிலையம் புகுமின். கற்றதை வீட்டாரோடு பேசுமின். அவர் கேட்பதைக் குறித்துக்கொண்டு மீண்டும் நூல் நிலையம் புகுமின்.