மண்ணுக்கும் பொறுமை வேண்டும்

கல்முனை, சம்மாந்துறைப் பகுதிகளில் முஸ்லிம், தமிழ் விவசாயிகள் கல்லோயாத் தண்ணீரில் நெல் விளைவிக்கின்றனர். தண்ணீர் மட்டும் போதுமா?

2021 மே மாதத்தில் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. மண்ணைக் காக்கும் நோக்கம் நல்லதே. ஆனால், 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் உண்டு. அதையே கூட்டெருவால் கொடுக்க ஒரு தொன்னுக்கு மேல் தேவை. ஒரே போகத்தில் அவ்வளவு எருவுக்கு எங்கே போவது? நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போக விதைப்புக் காலம் பெரும்பாலும் கடந்திருந்தது. நாடெங்கும் விளைச்சல் சரிந்தது. அரிசி விலை ஏறியது. ஏழையின் பானை காய்ந்தது.

மண் கட்டளையால் மாறாது. வைக்கோலை எரிக்காமல் உக்கவிட்டு, மாட்டெருவிட்டு, ஆண்டுதோறும் இரசாயனத்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பதே வழி.

பசித்தோருக்கு உணவிடுவது இரக்கச் செயல். அவ்வுணவு விளையும் மண்ணைப் பேணுவதும் அப்படியே அல்லவா?